பொள்ளாச்சி – வால்பாறை சாலை: கேமராவோடு மூன்று நாள், எங்கே நிற்கலாம், எதை விட்டுவிடலாம்?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்தில் நானும் என் மைத்துனரும் திருச்சியிலிருந்து காரில் கிளம்பி வால்பாறை போய் வரலாம் என்று இருக்கிறோம், வண்டி ஓட்டுவது நான்தான். கையில் மூன்று நாள் இருக்கிறது. நான் இதுவரை எடுத்ததெல்லாம் முக்கொம்பு, கல்லணை பக்கம் கிடைக்கும் நீர்ப்பறவைகளைத்தான். கேமராவோடு மலைக்குப் போவது இதுதான் முதல் தடவை. மைத்துனருக்கு நிலக்காட்சி என்றால் உயிர், ஒரே இடத்தில் ட்ரைபாட் வைத்து ஒரு மணி நேரம் நிற்பார். எனக்கு வரையாடும் சிங்கவால் குரங்கும் பார்த்தே ஆக வேண்டும், முடிந்தால் இருவாச்சிப் பறவையும்.

என்னிடம் 70-300 லென்ஸ் இருக்கிறது, 150-600 ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். முதல் நாள் ஆழியாறு, 40 கொண்டை ஊசி வளைவு, இரவு வால்பாறை. இரண்டாம் நாள் ஊரைச் சுற்றி. மூன்றாம் நாள் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்கி, சாலக்குடி, பாலக்காடு என்று திரும்புவது. இதுதான் திட்டம். இது சரியாக வருமா? வளைவுகளில் வண்டியை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது? அப்புறம், வீட்டில் யானை பயம் காட்டுகிறார்கள், நிஜமாகவே அவ்வளவு பயப்பட வேண்டுமா? போய் வந்தவர்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:

வாருங்கள், நல்ல நேரத்தில்தான் வருகிறீர்கள். இருபது வருடமாக இந்த மலையில் ஏறி இறங்குகிறேன், முதலில் பைக்கில், இப்போது பழைய கார் ஒன்றில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்றாம் நாளை மறந்துவிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கி.மீ.தான், பஸ்காரர்கள் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய்விடுவார்கள். ஆனால் படம் எடுக்கப் போகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது. இந்தச் சாலையில் ஒரு தடவை ஏறினால் பாதிதான் பார்த்த மாதிரி. காலையில் ஏறும்போது வெறும் பாறையாக இருந்த இடத்தில் மறுநாள் இறங்கும்போது வரையாட்டு மந்தை நிற்கும், நேற்று அணையே தெரிந்த இடத்தில் இன்று பத்தடி தாண்டிக் கண் தெரியாது. எனவே இரண்டு இரவும் வால்பாறையிலேயே தங்கி, வந்த வழியிலேயே பொறுமையாக இறங்குங்கள் என்பதே என் கட்சி. புது இடம் பார்க்கும் ஆசையில் ஓடுகிறவர்கள் எல்லோருடைய படமும் கண்ணாடி வழியாக எடுத்ததாகத்தான் இருக்கும்.

முதல் நாள் முந்தின இரவே பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ தங்கிவிட்டு, விடியும்போது ஆழியாறு வனத்துறை செக்போஸ்டில் இருங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு எடுப்பது போல வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் வேண்டும், அதை வீட்டிலேயே எடுத்துக் கையில் வைத்திருங்கள். பிளாஸ்டிக் பாட்டில், பைகளைச் சோதித்து வாங்கி வைத்துவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். குரங்கு அருவியில் நிற்க வேண்டாம், அங்கே நாட்டுக் குரங்குகள் பையைப் பிடுங்கும், கூட்டமும் அதிகம், உங்கள் காலை வெளிச்சம் அங்கேயே போய்விடும்.

வரையாடு பார்க்க வேண்டுமென்றால் கீழிருந்து முதல் பத்து வளைவுகள்தான் முக்கியம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது, வண்டி நிறுத்த அங்கே முறையான இடம் உண்டு. அங்கே நிறுத்திவிட்டு உடனே கேமராவைத் தூக்காதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் காதில்தான் விழும், மேலே பாறையில் குளம்பு பட்டுச் சிறு கல் உருண்டு வரும் சத்தம். அண்ணாந்து பார்த்தால், இவ்வளவு நேரமும் பாறை என்று நினைத்துக்கொண்டிருந்தது காதை ஆட்டும். வரை என்றால் மலை, மலைச்சரிவு. வரையாடு என்று பேர் வைத்தவன் இந்த மாதிரி ஓரிடத்தில் நின்று பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். பெட்டையும் குட்டியும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம், வயதான கடாவுக்கு உடம்பு கறுத்து முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு விழுந்திருக்கும். நம் மாநில விலங்கு. 2024-ல் தமிழ்நாடு முழுக்க எண்ணியதில் 1,031 இருந்தன. அதாவது ஒரு சின்னக் கிராமத்து ஜனத்தொகை. ஜனவரி, பிப்ரவரி அது குட்டி போடும் காலம், அதனால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் தாயோடு குட்டியும் கிடைக்கும். அதே காரணத்துக்காக மிக நெருங்கவும் கூடாது.

சில நாள் தடுப்புச் சுவர் மேலேயே வந்து நிற்கும், கைக்கெட்டும் தூரத்தில். அப்போது 600 எல்லாம் எதற்கு, உங்கள் 70-300 தாராளம். பிஸ்கட், பழம் எதுவும் கொடுக்காதீர்கள், யாராவது கொடுத்தால் தடுத்துச் சொல்லுங்கள். அது சாலைக்குப் பழகினால் வளைவில் வரும் லாரிக்கும் பழகிவிடும்.

நிலக்காட்சிக்காரருக்கு ஒரு செய்தி. லோம்ஸ் வியூ ஏறக்குறைய வடக்கே பார்த்த இடம், கீழே ஆழியாறு அணை, அதற்கப்பால் தென்னந்தோப்பும் சமவெளியும். சூரியன் நேர் முகத்தில் அடிக்காது என்பதால் காலையும் எடுக்கலாம், மாலையும் எடுக்கலாம். ஆனால் தூசி மூட்டம் இருந்தால் அணை வெளுத்துப் போய்க் கிடக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மட்டும்தான் சமவெளி கத்தி மாதிரித் தெரியும். ஜனவரியில் மழை அபூர்வம், எனவே அகலமாக எடுப்பதைவிட டெலி லென்ஸால் கீழே தெரியும் வளைவுகளை மட்டும் அள்ளி எடுக்கச் சொல்லுங்கள், அதில் ஒரு பச்சை பஸ் திரும்பினால் போதும்.

வளைவில் எங்கும் நிறுத்தாதீர்கள். ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதை இறங்கும்போது மறக்காதீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், நியூட்ரலில் ஒரு நொடிகூடக் கூடாது, பிரேக் தீய்ந்த வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள்.

மூடுபனி:

மேலே பொள்ளாச்சிக்காரர் எழுதியதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை, ஆனால் அவர் மேலே ஏறிய பிறகு என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டார், அதுவும் நிலக்காட்சி எடுப்பவருக்கு அங்கேதான் விருந்து.

அட்டகட்டி தாண்டியதும் காற்று மாறும். வாட்டர்ஃபால் எஸ்டேட் வந்ததும் தேயிலை தொடங்கிவிடும், அங்கிருந்து கவர்க்கல் வரை போகும் மேடுதான் இந்த வழியில் பனி வந்து விழும் இடம். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து புகை மாதிரி ஏறி வந்து பத்து நிமிடத்தில் சாலையை மூடிவிடும், அப்புறம் அதே வேகத்தில் விலகிவிடும். அந்த விலகும் இரண்டு நிமிடத்துக்காக நான் அரை நாள் நின்றிருக்கிறேன். தேயிலைச் சரிவு ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் வெளுத்து, நடுவே சில்வர் ஓக் மரங்கள் மட்டும் குச்சி குச்சியாக நிற்கும். அகல லென்ஸ் வைத்தால் அது வெறும் வெள்ளைத்தாள். 100-க்கும் 200-க்கும் இடையில் வைத்து இரண்டு சரிவை மட்டும் எடுங்கள். கேமரா பனியைப் பார்த்து அதிக வெளிச்சம் என்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். நனைந்த தேயிலை பளபளத்தால், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடுங்கள், இலையின் பச்சை திரும்பி வரும்.

இன்னொன்று, இது எல்லோரும் செய்யும் தவறு. காரில் ஏசி போட்டுக்கொண்டு ஏறுவார்கள், இறங்கி கேமராவைத் தூக்கியதும் லென்ஸ் முழுக்க ஈரம் படிந்துவிடும், துடைக்கத் துடைக்கப் படியும், அதற்குள் காட்சி போய்விடும். ஆழியாறு தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், கேமராவும் மலைக் காற்றுக்குப் பழகட்டும். காட்டின் சத்தமும் கேட்கும். விடியற்காலையில் யாரோ சீட்டியடித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு நீளமான பாட்டு ஓடைப் பக்கம் கேட்டால் அது மனிதன் இல்லை, சீகாரப் பூங்குருவி.

இரண்டாம் நாள் நல்லமுடி பூஞ்சோலை காட்சி முனைக்குப் போகச் சொல்லுங்கள். எதிரே ஆனைமுடி, 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் அதைவிட உயர்ந்தது இல்லை. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் போனால் நடுப்பள்ளத்தில் மேகம் படுத்திருக்கும்.

மளுக்கப்பாறை விஷயத்தில் மட்டும் நான் பொள்ளாச்சிக்காரரோடு முழுக்க உடன்பட மாட்டேன். சோலையாறு தாண்டி மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை ஏறக்குறைய 50 கி.மீ. போகும் அந்த மழைக்காட்டு வழி, தமிழ்நாட்டுப் பக்கம் இல்லாத வேறு ஒரு உலகம். பெரிய இருவாச்சிக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பொள்ளாச்சிக்காரன்:

மூடுபனி, இடம் நல்ல இடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே செக்போஸ்டில் நுழைந்த நேரம் எழுதிச் சீட்டு கொடுப்பார்கள், அடுத்த முனையில் அதைப் பார்ப்பார்கள். நடுவில் இறங்கி நிற்கக் கூடாது, காட்டுக்குள் ட்ரைபாட் விரித்து வைத்துக் காத்திருக்க முடியாது. படம் எடுக்க வருகிறவனுக்கு அது கண்ணைக் கட்டி விருந்து வைத்த மாதிரி. இருவாச்சி தலைக்கு மேலே பறக்கும், நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அதுவும் வண்டி ஓட்டுகிறவரே பறவை எடுக்கிறவர் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார்.

மூடுபனி:

சரி, ஓட்டுபவர் அவர் என்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் இந்தத் தடவை வேண்டாம். அது வேறு யாராவது ஓட்ட, ஒரு முழு நாளை ஒதுக்கிப் போக வேண்டிய வழி.

தேயிலைக்காடு:

நான் வால்பாறையில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், இன்னும் எஸ்டேட் லைன் வீட்டில்தான் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) இருக்கிறோம். லென்ஸ் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் யானை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் சொல்லலாம்.

பயப்பட வேண்டுமா என்றால், வேண்டும். 2025 பிப்ரவரியில் இதே பொள்ளாச்சி – வால்பாறை சாலையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பைக் பயணி யானை தாக்கி இறந்தார். யானை சாலையில் நின்றதால் மற்ற வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன, அவர் மட்டும் தாண்டிப் போகப் பார்த்தார். யானை வழியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை முகத்தில் அடிக்காதீர்கள், பின்னால் வரும் வண்டிக்கும் கை காட்டுங்கள், அது போகும்வரை இருங்கள். அரை மணி நேரம் ஆனாலும் இருங்கள். காரை விட்டு இறங்கி ஃபோனில் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இங்கே எஸ்டேட்டுகளில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்களோ என்னவோ. சுற்று வட்டாரத்தில் யானை இருந்தால் அது எரியும். தூரத்திலிருந்தே தெரியும். அதை ஃபோனிலிருந்து போட்டு அணைப்பவர்கள் எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள்தான். கூடவே எல்லோருக்கும் தமிழில் எஸ்எம்எஸ் வரும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் செய்தியாக வரும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து செய்த ஏற்பாடு இது, அந்த வேலைக்காக ஆனந்தகுமார் என்பவருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. முன்பெல்லாம் மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடக்கும்போது எதிரே யானை நின்றால்தான் யானை இருப்பதே தெரியும். அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச்சோடு வாசலில் நிற்பார். இப்போது விளக்கு எரிந்தால் பஸ்ஸிலேயே அடுத்த நிறுத்தம் போய் இறங்குவோம். விளக்கு எரியும் பக்கம் நீங்கள் யானை படம் எடுக்கலாம் என்று வண்டியைத் திருப்பாதீர்கள், இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் வண்டி வெளிச்சத்தில் கலைந்த யானை அடுத்து வந்து நிற்பது எங்கள் லைன் வீட்டுப் பின்பக்கம்.

சிறுத்தை விஷயமும் அப்படித்தான். தேயிலைக்குள் சிறுத்தைக்குக் குழந்தையைப் பறிகொடுத்த வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. போன வருடம் பெரிய கேமராவோடு வந்த இரண்டு பேர், எங்கள் தெருப் பிள்ளைகளிடம் சாக்லேட் கொடுத்து எங்கே சிறுத்தை வரும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்று கேட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சத்தம் போட்டேன். தெரியாமல்தான் கேட்டிருப்பார்கள், ஆனால் தயவுசெய்து யாரும் அப்படிக் கேட்காதீர்கள்.

சிங்கவால் குரங்குக்குப் புதுத்தோட்டம். ரொட்டிக்கடை தாண்டி ஊருக்குள் வருவதற்கு முன்னாலேயே, சாலை ஓரத்திலேயே சோலை இருக்கிறது. அங்கே மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. மரத்துக்கு மரம் தாவ முடியாதபடி சாலை நடுவே வெட்டிக்கொண்டு போவதால் அவை கீழே இறங்கிக் கடக்கும், வண்டியில் அடிபட்டும் செத்திருக்கின்றன. மேலே அண்ணாந்து பார்த்தால் சாலைக்குக் குறுக்கே பழைய தீயணைப்புக் குழாய் வைத்துக் கட்டிய பாலம் தெரியும், அதன் மேல் நடந்து போகும். குரங்கு கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவதற்கென்றே அங்கே காவலுக்கு ஆட்கள் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டால் கூட்டம் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். சோலைக்குள் இறங்க வேண்டாம், சாலை ஓரமே போதும்.

வெளிச்சம் குறைவதற்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். ஊருக்குள் பெட்ரோல் பங்க் உண்டு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பொள்ளாச்சிக்காரன்:

இதைவிட யாரும் சொல்லிவிட முடியாது. தேயிலைக்காடு சொன்னதை அச்சடித்துச் செக்போஸ்டில் ஒட்டலாம்.

சிங்கவால் குரங்கு எடுப்பதில் ஒரு சங்கதி மட்டும் சேர்க்கிறேன். மரத்தடி இருட்டு, உடம்பு கன்னங்கரேல், முகத்தைச் சுற்றிய பிடரி மட்டும் வெள்ளி மாதிரி. கேமரா கறுப்பைப் பார்த்துப் படத்தை வெளுக்கடித்துவிடும், பிடரி முடி ஒன்றுகூடத் தெரியாமல் வெள்ளைத் திட்டாகும். எனவே முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள், ஐஎஸ்ஓ 3200 போனாலும் பரவாயில்லை, 6400 போனாலும் பரவாயில்லை, ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்க வேண்டாம். காட்டு மாட்டுக்கும் இதே கணக்குத்தான். மூடுபனி பனிக்குக் கூட்டச் சொன்னார், நான் இதற்குக் குறைக்கச் சொல்கிறேன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மாற்ற மறந்துவிடாதீர்கள்.

150-600 வாடகைக்கு எடுங்கள், ஆனால் ட்ரைபாடில் வைக்க வேண்டாம். துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுத் தைத்து, கார் கதவுக் கண்ணாடியை இறக்கி அதன் மேல் போட்டு லென்ஸை வையுங்கள். இறங்காமலே எடுக்கலாம், கையும் ஆடாது. இருவாச்சிக்கு அது உதவும். பெரிய இருவாச்சி வரும்போது நீராவி இன்ஜின் மாதிரி இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், உடனே ஷட்டரை 1/1600-க்கு ஏற்றுங்கள். ஆல், அத்தி மரம் பழுத்திருந்தால் அதை விட்டு நகராதீர்கள். ஆனால் இப்போது கூடு கட்டும் காலம் தொடங்கிவிடும். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்காரும், ஆண் கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. கீழே நாம் நின்றால் ஆண் வராது. கூட்டு மரம் எங்கே என்று யாராவது காட்டினாலும் போகாதீர்கள்.

தேயிலைக்காடு:

அண்ணா, அரிசி வேண்டாம். இங்கே யானை ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடச் சுவரையும் இடிப்பதே அரிசி பருப்புக்காகத்தான். ராத்திரி அந்தப் பையைக் காரில் விட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். பழைய துணியைத் திணித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:

இருபது வருடமாக அரிசிப் பையோடுதான் ஏறுகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றே மாற்றிவிடுகிறேன். நன்றி அம்மா.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு திருச்சி வந்து சேர்ந்தோம், உடம்பு அலுப்பு இன்னும் போகவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திட்டத்தை மாற்றிவிட்டோம், இரண்டு இரவும் வால்பாறைதான். முதல் நாள் காலை லோம்ஸ் வியூவில் இன்ஜினை அணைத்து நின்றோம். ஐந்து நிமிடம் இல்லை, நாற்பது நிமிடம். எதுவும் இல்லை. மைத்துனர் அணையை எடுத்து முடித்துக் கிளம்பலாம் என்றார். மூட்டமாகத்தான் இருந்தது, ஏறினோம். கவர்க்கலில் மூடுபனி சொன்ன அந்த இரண்டு நிமிடம் கிடைத்தது, 135-ல் வைத்து அவர் எடுத்த ஒரு படம் இருக்கிறது, மூன்று சரிவு, ஏழு சில்வர் ஓக், சரிவின் ஓரத்தில் கூடையோடு ஒரு அம்மா. நல்லமுடியில் ஆனைமுடி இரண்டு நாளும் முகம் காட்டவில்லை.

புதுத்தோட்டத்தில் காவலுக்கு நின்ற அண்ணன் கையை உயர்த்தி எங்கள் வண்டியை நிறுத்தினார். முதலில் ஒரு பெரிய ஆண் இறங்கி வந்து தார்ச்சாலை நடுவே உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் பார்த்தது, அதற்கப்புறம்தான் தாய்மார்கள் வயிற்றில் குட்டிகளைக் கட்டிக்கொண்டு கடந்தார்கள். கடைசியாக ஒரு குட்டி மட்டும் கீழே வராமல் மேலே குழாய்ப் பாலத்தில் போனது. நடுவில் நின்று, பாலம் ஆடுவதை வாலால் சமாளித்து, எங்களைக் குனிந்து பார்த்தது. எக்ஸ்போஷரைக் குறைக்க மறந்துவிட்டேன், பனிக்குக் கூட்டி வைத்தது அப்படியே இருந்தது. பிடரி முழுக்க வெளுத்துவிட்டது. பொள்ளாச்சிக்காரர் அவ்வளவு சொல்லியும் மறந்ததில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அன்று மாலை ஐந்தரைக்குத் தங்கும் இடத்துக்குத் திரும்பும்போது, வழியில் ஒரு எஸ்டேட் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிவதை மைத்துனர்தான் முதலில் பார்த்தார். எங்களுக்குப் போக வேண்டியது அந்தப் பக்கம்தான். ஓட்டலுக்கு ஃபோன் செய்தால், ஒன்றும் ஆகாது, வந்துவிடுங்கள் என்றார்கள். தேயிலைக்காடு எழுதியது ஞாபகம் வந்தது, திரும்பி ஊருக்குள் வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். கடைக்காரரும் இருங்கள் என்றார். எட்டு மணி வாக்கில் அந்தப் பக்கம் போகும் ஒரு எஸ்டேட் ஜீப் டிரைவர் விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லி, பின்னாலேயே வரச் சொன்னார். யானையைப் பார்க்கவே இல்லை. சாலையில் ஓரிடத்தில் புதுச் சாணம் கிடந்தது, இரவுக் குளிரில் ஆவி பறந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இறங்கும்போதுதான் வரையாடு. முதல் நாள் நாற்பது நிமிடம் நின்ற அதே இடத்துக்குச் சற்றுக் கீழே, தடுப்புச் சுவர் மேல் ஒரு தாய், பக்கத்தில் பிறந்து சில நாளே ஆகியிருக்கும் போலத் தெரிந்த குட்டி. முழங்காலை மடக்கத் தெரியாத மாதிரி நான்கு காலையும் விறைத்து வைத்து நின்றது. வளைவுக்கு முன்னால் என்பதால் நிறுத்தவில்லை. மைத்துனர் ஃபோனைக்கூட எடுக்கவில்லை, இரண்டு பேரும் வெறுமனே பார்த்துக்கொண்டே கடந்தோம். தாய் எங்களைப் பார்க்கவில்லை, கீழே பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. படம் இல்லை. ஏன் நிறுத்தவில்லை என்று நேற்று இரவிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் பின்னால் பால் வண்டி வந்துகொண்டிருந்தது, நிறுத்தியிருக்கக் கூடாதுதான்.

அடுத்த முறை எப்போது போகலாம் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு அக்டோபர், நவம்பரில் சமவெளி தெளிவாகத் தெரியுமா?

மூடுபனி:

அக்டோபர் கடைசி வாரம் வாருங்கள். வடகிழக்குப் பருவமழை இடைவெளி விடும் நாளாகப் பார்த்து, முந்தின நாள் மழை நின்றதும் கிளம்புங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் மட்டும் வேண்டாம், அட்டைக்கடியைக்கூடத் தாங்கலாம், மண் சரிந்தால் சாலையே இருக்காது. அந்த 135 படத்தை ஏற்றுங்கள், பார்க்க வேண்டும்.

தேயிலைக்காடு:

நீங்கள் சொல்லும் நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஃபோனுக்கும் செய்தி வந்தது. விளக்கைப் போட்டது எங்கள் அடுத்த லைன் வீட்டு அக்கா, மாலை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலிலேயே இருந்தார்களாம். நான்கு பெரியவை, ஒரு குட்டி. தேயிலை வழியாக இறங்கி, சாலையைக் கடந்து, ஆற்றோரச் சோலைக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் அணைத்தார்கள். நீங்கள் டீக்கடையில் காத்திருந்ததை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அடுத்த தடவை வந்தால் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.